யானை வயிற்றில் எண்ணெய், சிங்கத்தின் வாயில் தண்ணீர்

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் முதல் வருஷம். ஆம்பூர் வீட்டைக் காலி பண்ணிட்டு நாங்க சென்னைக்குக் கிளம்பின நேரம். பரண் மேல கிடந்த பாத்திரங்களை எடைக்குப் போடுற வேலை என் தலையில விழுந்தது. அண்டா, தவலை, கால் உடைஞ்ச குத்துவிளக்கு, அதோட எங்க ஆயாவோட ஒரு கிண்டி. கிண்டின்னா பக்கவாட்டுல மூக்கு வச்ச சின்னச் செம்பு. இதோட மூக்கு நுனியில ஒரு பசு முகம் இருக்கும். விருந்தாளிங்க சாப்பிட்டு எழுந்ததும் ஆயா அதைச் சாய்ச்சா, பசுவோட வாய் வழியா அவங்க கையில தண்ணி விழும். சின்ன வயசுல நான் அதுக்கு வச்ச பேரு 'வாந்தி மாடு'.

கடைக்காரர் அதையும் அண்டாவோட சேர்த்துத் தராசுல வச்சார். நான் ஒண்ணும் சொல்லல. வந்த காசுல என் பங்குக்கு ஒரு இயர்போன் வாங்கினேன். அது ஆறு மாசம்கூட உழைக்கல.

ரொம்ப நாள் கழிச்சு, ஒரு மியூசியத்தோட வெப்சைட்ல ஒரு சிங்கத்தைப் பார்த்தேன். உலோகச் சிங்கம். வாயில ஒரு சின்னக் குழாய், தலையில ஒரு மூடி, முதுகு மேல வளைஞ்சு நிக்கிற கைப்பிடி. கீழே எழுதியிருந்தது, 'கை கழுவத் தண்ணீர் ஊற்றும் பாத்திரம்'. அந்த நிமிஷம் ஆயாவோட மாடு ஞாபகத்துக்கு வந்தது.

கை கழுவ எதுக்கு ஒரு சிங்கம்?

இந்த வகைப் பாத்திரத்துக்கு 'அக்வாமனைல்'னு பேர். லத்தீன்ல 'அக்வா'ன்னா தண்ணி, 'மானுஸ்'னா கை. ஐரோப்பாவுல 12-ஆம் நூற்றாண்டுல இருந்து 15-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இதுக்கு நல்ல காலம். ஜெர்மனியில ஹில்டஸ்ஹைம், நியூரம்பர்க் மாதிரியான ஊர்கள்ல இருந்த வார்ப்புப் பட்டறைகள் இதுக்குப் பேர் போனவை. சிங்கம், குதிரை, டிராகன்னு விதவிதமா செஞ்சாங்க.

அப்போ அங்கேயும் சாப்பாட்டு மேஜையில முள்கரண்டி வந்து சேரல. கையாலதான் சாப்பிட்டாங்க. அதனால விருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கை கழுவத் தண்ணி ஊத்துறது பெரிய மரியாதை. தேவாலயத்துல பூசைக்கு முன்னாடி பாதிரியார் கை கழுவவும் இதே பாத்திரம்தான். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு எழுந்திருக்கிற யாருக்கும் இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல.

ஐரோப்பாவுக்கு இந்த யோசனை இஸ்லாமிய உலகத்துல இருந்து போனது. அங்கே விலங்கு வடிவப் பாத்திரங்களுக்கு அதைவிட நீண்ட வரலாறு உண்டு. ரஷ்யாவோட ஹெர்மிடாஜ் மியூசியத்துல 1206-ஆம் வருஷம்னு பொறிச்ச ஒரு பசு இருக்கு. பாரசீகத்துல செஞ்சது. திமில் இருக்கிற பசு, நம்ம ஊர் மாடு மாதிரியே. கன்னு பால் குடிக்குது. முதுகு மேல ஒரு சிங்கம் பாய்ஞ்சு நிக்குது. அந்தச் சிங்கம்தான் கைப்பிடி! பசு, கன்னு, சிங்கம் மூணையும் ஒரே நேரத்துல வார்த்தோம்னு அதுலயே எழுதி வச்சிருக்காங்க. அந்தக் கைவேலைக்காரருக்கு அதுல எவ்வளவு பெருமை பாருங்க.

அதே 1206-ல, இன்னைக்குத் துருக்கியில இருக்கிற தியார்பகிர் பகுதியில அல்-ஜசரிங்கிற பொறியாளர் தன்னோட இயந்திரப் புத்தகத்தை முடிச்சார். அதுல கை கழுவ ஒரு மயில் வருது. வாலில் இருக்கிற அடைப்பை இழுத்தா அலகுல தண்ணி கொட்டும். கழுவின தண்ணி கீழே சேரச் சேர உள்ளே ஒரு மிதவை எழும்பும். உடனே ஒரு பொம்மை சோப்போட வெளிய வரும், அடுத்து இன்னொண்ணு துண்டோட வரும்.

உள்ளே காலியா வார்க்கிறது எப்படி?

அந்தப் பசு கன்னு வார்ப்புல ஏன் பெருமைப்படணும்? காரணம் இருக்கு. சோழர் காலத்து உற்சவ மூர்த்திகள் பெரும்பாலும் கன வார்ப்பு. உள்ளேயும் உலோகம்தான். மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண் பூசி, சூடு பண்ணி மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு, அந்த இடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. சுவாமிமலையில காவிரி வண்டல் மண்ணை வச்சு இன்னைக்கும் அப்படித்தான் செய்றாங்க.

ஆனா பாத்திரத்துக்கு வயிறு காலியா இருக்கணும். அதுக்கு முதல்ல மண்ணுல ஒரு விலங்கு. அதுமேல மெல்லிசா மெழுகு. அதுமேல திரும்ப மண். மெழுகு உருகிப் போனதும் ரெண்டு மண்ணுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் சந்து மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கிற மண் நகராம இருக்கச் சின்னச் சின்ன உலோக ஆணிகளைக் குத்தி வைக்கணும். மண் கொஞ்சம் சாய்ஞ்சாலும் ஒரு பக்கம் கனம், மறு பக்கம் ஓட்டை. சிலையில ஒரு ஓட்டை விழுந்தா அடைச்சுச் சரி பண்ணலாம். தண்ணிப் பாத்திரத்துல ஊசி முனை ஓட்டையும் தன்னைக் காட்டிக் கொடுத்துடும்.

அதனால விலங்கு வடிவம் வெறும் அலங்காரம் இல்ல. நாலு கால்தான் தாங்குற பீடம். வயிறுதான் தொட்டி. வாய்தான் குழாய். வாலோ முதுகுல ஏறின இன்னொரு விலங்கோ கைப்பிடி. பாத்திரத்துக்குத் தேவையான எல்லா உறுப்பும் விலங்குகிட்ட ஏற்கெனவே இருக்கு.

எங்க ஊருக்கு இதுல என்ன பங்கு?

தமிழ்ல 'துருத்தி'ன்னு ஒரு சொல் இருக்கு. கொல்லன் உலையில காத்து ஊதுற தோல் பையும் துருத்திதான், தண்ணி கொண்டுபோற தோல் பையும் துருத்திதான். ஒரு ஆட்டுத் தோலைக் கிழிக்காம முழுசா உரிச்சு, காலை எல்லாம் கட்டி, கழுத்தை மட்டும் வாயா விட்டா அது தண்ணிப் பை. தண்ணி நிரம்பினதும் அது திரும்ப ஆடு மாதிரியே உப்பி நிக்கும். உலோகச் சிங்கத்துக்கெல்லாம் முன்னாடி வந்த விலங்கு வடிவப் பாத்திரம் அதுதான்.

எங்க தாத்தா கவலை ஓட்டினவர். கிணத்துல இருந்து மாடு கட்டி இறைக்கிற சாலுக்கு அடியில தோல்ல ஒரு நீளமான குழாய் இருக்கும். அதுக்குப் பேரே 'வால்'. அதை இழுக்கிற கயிறு வால்கயிறு. இரும்புச் சாலுக்கும் ஒரு விலங்கோட உறுப்பு தேவைப்பட்டிருக்கு.

இன்னொரு விஷயம். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேணும். வெள்ளீயம் சேர்த்த வெண்கலத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. சும்மா கரி எரிஞ்சா அந்தச் சூடு வராது, காத்தை ஊதணும். ஊதினது தோல் துருத்தி. உலோகத்துல ஒரு விலங்கு பிறக்கணும்னா, முதல்ல ஒரு விலங்கோட தோல் மூச்சு விட்டிருக்கணும். தோலைப் பதப்படுத்தினவங்க பேர் எந்த மியூசியத்துலயும் இல்ல. ஆனா அவங்க வேலை இல்லாம அந்தச் சிங்கமும் இல்ல.

வேலூர்க் கோட்டையில இருந்து ஒரு யானைக்கு

நம்ம பக்கத்துல இப்படி ஒரு பாத்திரம் இருக்கான்னு தேடினேன். பதில் வேலூர் வழியாவே கிடைச்சது. கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1815-ல பிடிச்சு, 1816-ல வேலூர்க் கோட்டையில கொண்டுவந்து அடைச்சாங்க. 1832-ல அவர் இங்கேயே இறந்துபோனார். பாலாத்தங்கரையில இருக்கிற முத்துமண்டபம் அவரோட நினைவிடம். ஸ்கூல் டூர்ல நாங்க அங்க போனது பந்து விளையாடத்தான். பிற்பாடு அவரைப் பத்தி வாசிக்க ஆரம்பிச்சு, அவர் ஆண்ட நாட்டைப் பத்தி வாசிச்சு, அப்படியே அவருக்கும் 600 வருஷத்துக்கு மேல முந்தின ஒரு வெண்கல யானைகிட்ட போய் நின்னேன்.

இலங்கையில கேகாலை மாவட்டத்துல தெடிகமன்னு ஒரு ஊர். 12-ஆம் நூற்றாண்டு ராஜா முதலாம் பராக்கிரமபாகு கட்டினதா சொல்ற கொட்டவெஹெர தூபி அங்கே இருக்கு. 1951-ல அதை அகழ்ந்தப்போ ஒரு தொங்கு விளக்கு கிடைச்சது. சங்கிலியில தொங்குற ஒரு கிண்ணம். கிண்ணத்துக்கு நடுவுல ஒரு யானை. கிண்ணத்துல திரி எரியும். யானை வயித்துல இருக்கிறது தண்ணி இல்ல, எண்ணெய். மத்தபடி அதே குடும்பம்தான்.

அந்த யானை கிண்ணத்துல எண்ணெய் குறைஞ்சா தானே ஊத்தும், போதும்னா தானே நிறுத்தும். பேட்டரி இல்ல, பொறி இல்ல, பக்கத்துல ஆளும் இல்ல.

எப்படின்னு புரிய உங்க வீட்டு 20 லிட்டர் தண்ணி கேனைப் பாருங்க. தலைகீழா கவிழ்த்து வைக்கிறோம். ஆனா மொத்தத் தண்ணியும் கொட்டிடல. ஏன்னா தண்ணி வெளிய வர, அந்த இடத்துக்குக் காத்து உள்ளே போகணும். கேனோட வாய் கீழே இருக்கிற தண்ணிக்குள்ள மூழ்கியிருக்கிற வரைக்கும் காத்துக்கு வழி இல்ல. ஒரு டம்ளர் பிடிச்சா மட்டம் இறங்கும், வாய் வெளிய தெரியும், 'குளுக்'னு ஒரு குமிழி மேல ஏறும், கொஞ்சம் தண்ணி இறங்கும், மட்டம் ஏறினதும் நின்னுடும். யானையும் அதேதான். திரி எண்ணெயைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி, காத்து போற துளை திறக்கும். யானை வயித்துக்குள்ள காத்து நுழையும், எண்ணெய் இறங்கும். மட்டம் ஏறினா துளை மூடிக்கும்.

அந்தக் கேன் எங்க பக்கத்து வீடுகளுக்குள்ள வந்ததுக்கும் ஒரு கதை இருக்கு. தோல் கழிவு பாலாத்துலயும் கிணத்துலயும் கலந்தது. 1996-ல உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்குல, மாசுபடுத்தினவங்கதான் அதுக்கு ஈடு கட்டணும்னு தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பு இந்தியா முழுக்க முன்னுதாரணமாச்சு. ஆயா எதையும் யோசிக்காம கிணத்துல சேந்தி, பசு வாய் வழியா விருந்தாளி கையில ஊத்தினாங்க. தண்ணியை நம்பினாதான் அப்படி ஊத்த முடியும்.

எது மிஞ்சுது?

தெடிகம யானை மிஞ்சினது ஏன்னா அது தூபிக்குள்ள பத்திரமா இருந்தது. ஐரோப்பியச் சிங்கங்கள் சில நூறு மிஞ்சினது, யாரோ அதை உருக்காம வச்சதால. தினமும் புழங்கின பாத்திரத்துக்கு அந்த யோகம் இல்ல. உடைஞ்சா உருக்கி இன்னொண்ணு செஞ்சுக்கலாம், அதுதான் உலோகத்தோட வசதி. 'பழைய பித்தளைக்குப் பேரீச்சம்பழம்'னு தெருவுல கூவிட்டுப் போனவங்க பின்னாடி எத்தனை மாடும் மயிலும் போயிருக்குமோ. தோல் துருத்தி இன்னும் மோசம், மக்கியே போயிடும். மியூசியத்துல இருக்கிறதைப் பார்த்து அந்தக் காலத்துல இவ்வளவுதான் இருந்ததுன்னு நாம நினைச்சுக்கிறோம். உண்மையில அது யாரும் எடைக்குப் போடாததோட கணக்கு.

நான் போட்டதோட கணக்கை ஆயாகிட்ட சொன்னப்போ அவங்க திட்டல. "அதோட மூக்கு அடைச்சுக்கும்டா, ஈர்க்குச்சி விட்டுக் குத்தணும்"னு மட்டும் சொன்னாங்க. அந்தப் பாத்திரத்தைப் பத்தி இன்னைக்கு என்கிட்ட மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வரிதான். ஒரு போட்டோகூடக் கிடையாது.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுப் பரண்ல ஏறுங்க. மூக்கு, வாய், கால்னு எதாவது உறுப்பு இருக்கிற பாத்திரம் கிடைச்சா போட்டோ எடுங்க. வீட்டுல பெரியவங்ககிட்ட அதுக்கு என்ன பேர், எப்படிப் புழங்கினாங்கன்னு கேளுங்க. அவங்க சொல்றதை போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. தராசு அதுக்கப்புறம் வரட்டும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.