அட்சதை விழும் அரை நிமிடம்

அக்காவின் கல்யாணம் 2005இல் நடந்தது. ஸ்டூடியோகாரர் கொடுத்த டிவிடிகள் இரண்டும் கல்யாண ஆல்பத்தின் பின்னட்டைப் பையிலேயே இருபது வருடமாக இருந்தன. அக்கா மகளுக்குத் தன் கொள்ளுப்பாட்டியைப் பார்த்த நினைவு இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே பாட்டி போய்விட்டார். முகூர்த்த நேரத்தில் பாட்டி மணமேடைக்குப் பக்கத்தில் நின்று அட்சதை போடுவது அந்த வீடியோவில் இருக்கிறது, ஏறக்குறைய அரை நிமிடம். பாட்டி அசைவதை வேறெங்கும் பார்க்க முடியாது, மற்றதெல்லாம் புகைப்படம்தான். “அதை என் போனுக்கு அனுப்பி விடேன் சித்தி” என்றாள் பெண். சின்ன வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

வீட்டில் டிவிடி பிளேயர் இல்லை. மடிக்கணினியில் தட்டு போடும் இடமே இல்லை. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, தட்டைப் போட்டுத் திறந்தால் இரண்டு ஃபோல்டர்கள் தெரிந்தன. ‘ஆடியோ டிஎஸ்’ காலியாக இருந்தது, பெரும்பாலான தட்டுகளில் அது அப்படித்தான் இருக்கும். ‘வீடியோ டிஎஸ்’ உள்ளே விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று முடியும் கோப்புகள் வரிசையாக இருந்தன. படமும் ஒலியும் விஓபியில் இருக்கின்றன. எது எதற்குப் பின் வரும், மெனுவில் எதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற வழிகாட்டிதான் ஐஎஃப்ஓ. அது கெட்டுப்போனால் உதவ வைத்த நகல் பியுபி.

விஓபி கோப்பு ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. ஒரு மணி நேரப் படம் மூன்று நான்கு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். வெட்டும்போது காட்சி எது என்று டிவிடி பார்ப்பதில்லை, அளவு நிரம்பினால் அங்கே வெட்டும். எங்கள் தட்டில் அந்த வெட்டு மாலை மாற்றும் நேரத்தில் விழுந்திருந்தது. விஓபிகளைத் தனித்தனியாக மாற்றினால் மாலை ஒரு கோப்பிலும் கழுத்து அடுத்த கோப்பிலுமாகப் பிரிந்துவிடும். மாற்றும் மென்பொருளுக்கு ஃபோல்டரை முழுசாகக் கொடுத்தால் ஐஎஃப்ஓவைப் படித்துத் துண்டுகளை அதுவே சேர்த்துக்கொள்ளும்.

விஓபியை அப்படியே கைபேசிக்கு நகலெடுத்தால் என்ன? எடுத்துப் பார்த்தேன். கேலரி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள, அந்த வட்டத்துக்குள் படம் எப்படி அடைபட்டது என்று பார்க்க வேண்டும்.

டிவிடி 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் குறுக்களவு, 1.2 மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமனும் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியதுதான். தகவல் அந்த இரண்டுக்கும் நடுவே, உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே சுருள் தடத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடைவெளி 0.74 மைக்ரான். ஒரு தட்டின் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 12 கிலோமீட்டர் போகும்! கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் இந்தத் தடம் அச்சில் வார்த்த நுண்ணிய குழிகள். ஸ்டூடியோகாரர் நமக்கு எழுதிக் கொடுத்த தட்டு வேறு ஜாதி. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது, அடிப்பக்கம் ஊதாவாகத் தெரிவது அதனால்தான். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டுப் புள்ளியிடுகிறது. வெயிலும் சூடும் சாயத்தை மெல்ல மெல்ல வெளுக்கச் செய்யும். வார்த்த தட்டைவிட எழுதிய தட்டு சீக்கிரம் சாவது இதனால்தான். நம் வீட்டு விசேஷங்கள் எல்லாம் சாயத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

இடம் எவ்வளவு என்றால் 4.7 ஜிபி. அது இன்று பெரிதாகத் தெரியாது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பயன்படுத்திய பால் முறையில் டிவிடியின் ஒரு படச்சட்டத்தில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள். நிறத் தகவலை ஓரளவு குறைத்து எழுதினாலும் நொடிக்கு 15 எம்பிக்கு மேல் வேண்டும். அப்படியே எழுதினால் தட்டு ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். பிள்ளையார் பூஜைகூட முடியாது. ஐந்து நிமிட இடத்தில் இரண்டு மணி நேரத்தை அடைத்த வித்தையின் பெயர் எம்பெக்-2.

அதன் தந்திரம் எளிமையானது, அழகானது. மணமேடைக் காட்சியில் பின்னால் தொங்கும் திரை ஒரு நொடியில் மாறுவதில்லை, மாறாததை ஏன் திரும்பத் திரும்ப எழுத வேண்டும்? அரை நொடிக்கு ஒருமுறை போல ஒரு சட்டத்தை முழுதாக எழுதுகிறது. அடுத்து வரும் சட்டங்களுக்கு ‘இந்தக் கட்டம் இரண்டு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது, மீதி பழையபடி’ என்று வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஐயர் அசையாமல் மந்திரம் சொல்லும்போது இதற்கு வேலையே இல்லை.

தாலி கட்டும் நேரம் வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. நாலு பக்கமிருந்தும் அட்சதை விழுகிறது. ஒவ்வொரு அரிசியும் தனித் திசையில் பறக்கிறது, முந்தைய சட்டத்தில் அது இல்லவே இல்லை. போட்டோகிராபர்களின் பிளாஷ் வேறு வெட்டி வெட்டி அடிக்கிறது. பிளாஷ் அடித்த சட்டம் முழுக்க வெளுத்துப் போவதால் ‘பழையபடி’ என்று எழுத எதுவும் மிஞ்சவில்லை. எழுத வேண்டியது அளவுக்கு மீறிப் போகவே, சுருக்கும் இயந்திரம் விவரத்தைக் கைவிடுகிறது. முகங்கள் சின்னச் சின்ன சதுரங்களாக உடைவது அப்போதுதான். கல்யாண வீடியோவில் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடமும் இயந்திரத்துக்கு மிகக் கடினமான இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. மாற்றும் வேலை எதுவாக இருந்தாலும், நான் இந்த அரை நிமிடத்தை வைத்துத்தான் அதைச் சோதிப்பேன்.

கைபேசிக்கு வருவோம். அதன் சில்லுக்குள் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான போன்களில் அது 2003இல் வந்த எச்.264, அதற்குப் பிறகு வந்த எச்.265 போன்ற முறைகளுக்காகச் செய்தது. எம்பெக்-2 அதன் பாடத்திட்டத்தில் இல்லை. ஒலியும் அப்படித்தான்: டிவிடியில் பெரும்பாலும் இருக்கும் டால்பியின் ஏசி-3 ஒலி பல போன்களுக்குப் புரியாது, படம் ஓடும், மேளம் கேட்காது. விஎல்சி செயலியைப் போட்டுக்கொண்டால் போனிலேயே விஓபி ஓடிவிடும். பாரிஸில் ஒரு கல்லூரியின் மாணவர்கள் ஆரம்பித்த அந்த மென்பொருளுக்குத் தெரியாத வடிவம் குறைவு. அவசரத்துக்கு அது போதும். ஆனால் அக்கா மகள் தன் தோழிகளுக்கு அனுப்ப வேண்டும், அக்காவின் மாமியார் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் தொட்டவுடன் ஓட வேண்டும் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலரும் இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். தட்டிலிருந்து நேரே மாற்றாதீர்கள். முதலில் தட்டில் உள்ளதை ஒரு பைட்டுகூட மாறாமல் கணினிக்கு எடுத்துவிடுங்கள். ஃபோல்டரை அப்படியே நகலெடுக்கலாம், அல்லது முழுத் தட்டையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக எடுக்கலாம். இதில் தரம் துளியும் குறையாது. மாற்றும்போது மட்டுமே குறையும், அதுவும் ஒவ்வொரு முறையும் குறையும். மாற்றிய கோப்பை வைத்துக்கொண்டு தட்டைத் தூக்கிப் போட்டவர்களுக்கு அடுத்த தலைமுறைக் கருவி வரும்போது மாற்றியதையே மறுபடி மாற்றுவதைத் தவிர வழியில்லை. கேமராவில் ஓடிய மூல டேப் ஸ்டூடியோவில் இன்னும் இருக்கும் என்று நம்ப வேண்டாம், இந்தத் தட்டுதான் இப்போது மூலம். ஒரு சின்னக் குறிப்பு: பென்டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றைக் கோப்பை வாங்காது. ஐஎஸ்ஓ நகர மறுத்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

எங்கள் முதல் தட்டு பிரச்சினையில்லாமல் வந்தது. இரண்டாவது, வரவேற்பின் கடைசியில் நின்றுவிட்டது. சுருள் உள்ளிருந்து வெளியே போவதால் படத்தின் முடிவு தட்டின் விளிம்பில் இருக்கும், விரல் படுவதும் அங்கேதான். பருத்தித் துணியை லேசாக ஈரமாக்கி நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. டிவிடியில் 32 கிலோபைட் தொகுதி ஒவ்வொன்றிலும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் கூடுதல் எண்கள் உண்டு. தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் தின்னும், அதைத் திருத்தம் சமாளித்துவிடும். தடத்தோடு கூடவே போகும் கீறல் தொடர்ச்சியாகத் தின்றுகொண்டே போகும், அதைச் சமாளிக்க முடியாது. துடைத்த பிறகும் வராத இடத்துக்கு டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் உதவியது. முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பித் திரும்பி வந்து முயலும் பொறுமைசாலி அது. ஒரு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் சில நொடிகள் தவிர எல்லாம் வந்திருந்தன.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக். இதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நம் வீட்டுத் தட்டில் சினிமா டிவிடிகளுக்குப் போடும் பூட்டு இருக்காது, நேராகத் திறந்துகொள்ளும். எம்பி4 வடிவம், எச்.264 படம், ஏஏசி ஒலி என்று தேர்ந்தெடுத்தால் ஓடாத போன் அநேகமாக இல்லை. தரத்துக்கு இரண்டு வழி உண்டு. நொடிக்கு இவ்வளவு பிட் என்று கட்டிவிடலாம், அல்லது தரம் இவ்வளவு இருக்கட்டும், பிட் எவ்வளவு ஆனாலும் சரி என்று விடலாம். இரண்டாவதையே எடுங்கள். மந்திரம் சொல்லும் இடத்தில் மிச்சம் பிடித்து, அட்சதை விழும் இடத்தில் தாராளமாகச் செலவு செய்யும். ஆர்எஃப் என்ற அந்த அளவில் எண் குறையக் குறையத் தரம் கூடும், டிவிடிக்கு 18 முதல் 20 நன்றாக இருந்தது.

மாற்றி முடித்து முதலில் பார்த்தபோது பாட்டியின் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பற்கள் போலக் கோடுகள். தட்டு கெட்டுவிட்டது என்று பயந்தேன். தவறு தட்டில் இல்லை. பழைய குழாய் டிவி ஒரு படத்தை ஒரே மூச்சில் வரைவதில்லை. ஒற்றைப்படை வரிகளை முதலில், இரட்டைப்படை வரிகளை அடுத்த ஐம்பதில் ஒரு நொடியில் வரையும். கேமராவும் அப்படித்தான் எடுத்தது. ஆக ஒரு சட்டத்துக்குள் உண்மையில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. கைபேசித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால், அசையும் கை இரண்டு இடத்தில் தெரிந்து சீப்பாகிறது. ஹேண்ட்பிரேக்கின் வடிகட்டிப் பகுதியில் டிஇன்டர்லேஸ் என்பதில் ‘பாப்’ முறையைத் தேர்ந்து, நொடிக்குச் சட்டங்கள் 50 என்று வையுங்கள். ஒவ்வொரு பாதியும் தனிச் சட்டமாகிவிடும். வழக்கமான 25இல் வைத்தால் சீப்பு போகும், ஆனால் அசைவில் பாதியும் கூடவே போகும். அன்று கேமரா நொடிக்கு 50 முறை பார்த்திருக்கிறது. அந்த ஐம்பதையும் விட எனக்கு மனமில்லை.

படத்தின் உருவ விகிதத்தைத் தொடாதீர்கள். 720க்கு 576 என்பதை 4க்கு 3 ஆக விரித்துக் காட்ட வேண்டும் என்று கோப்புக்குள்ளேயே குறிப்பு இருக்கிறது, மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும். போனைப் படுக்கவைத்துப் பார்க்கும்போது இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்ப இழுத்தால் எல்லார் முகமும் அகலமாகிவிடும். 4கே ஆக்கித் தருகிறோம் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் எனக்கு ஒரு வேண்டாமை உண்டு. டிவிடியில் பாட்டியின் முகம் சில ஆயிரம் புள்ளிகள்தான். அதில் இல்லாத சுருக்கத்தையும் இமையையும் இயந்திரம் வேறு எத்தனையோ முகங்களைப் பார்த்த பழக்கத்தில் வரைந்து நிரப்பும். தெளிவாக இருக்கும், ஆனால் அது யாரோ.

அனுப்புவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும், அத்தனை உழைப்பும் வீண். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் தொடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும், 2 ஜிபி வரை.

முகூர்த்தப் பகுதியை மட்டும் தனியாக வெட்டி அப்படித்தான் அனுப்பினேன். இரவு அழைப்பு வந்தது. “சித்தி, அட்சதை போட்டதும் கொள்ளுப்பாட்டி உதடு அசையுது. என்னமோ சொல்றாங்க. என்னன்னு தெரியுமா?”

இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலு முறை கேட்டேன். கெட்டிமேளம்தான் கேட்கிறது. அக்காவிடம் கேட்டிருக்கிறோம்.