அலுப்பும் குளிரும் வெறியும்: மதுசாரத்தின் உடற்றொழிலியல் பற்றிய சில குறிப்புகள்

மதுபானம் பற்றி நம்மிடையே எழுந்த எழுத்துக்களிற் பெரும்பாலானவை அறவுரைகளாகவே அமைந்துள்ளன. அவ்வறவுரைகளை விரும்பாத முற்போக்காளர்களோ, உழைப்பாளி அலுப்புக்கும் குளிருக்குமே குடிக்கிறான் என்று அவனுக்காகப் பரிந்து பேசுவதோடு அமைந்து விடுகின்றனர். குடிப்பதற்கான சமூகக் காரணங்களை அவர்கள் சுட்டுவது சரியே. எனினும், அலுப்பையும் குளிரையும் மதுசாரம் உண்மையிற் போக்குகின்றதா என்ற வினாவை அவர்களும் எழுப்புவதில்லை. அதனையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

குளிரை முதலில் நோக்குவோம். நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றில் மழையில் நனைந்து திரும்பும் ஒருவர், சாராயம் உள்ளே சென்றதும் உடல் சூடேறுவதாக உணர்கிறார். அவ்வுணர்வு மெய்யானதே. மதுசாரம் தோலிலுள்ள குருதிக் குழாய்களை விரிவடையச் செய்ய, உடலின் உள்ளே காக்கப்பட வேண்டிய வெப்பம் தோலுக்கு வந்து, அங்கிருந்து வெளியேறுகின்றது. நடுக்கமும் தணிந்து விடுவதால் வெப்பத்தைப் பிறப்பிக்கும் வழியொன்றும் தளர்ந்து போகின்றது. சூடாக உணரும் அதே வேளையில் உடல் குளிர்ந்து கொண்டிருக்கிறது.

அலுப்பின் கதையும் இத்தகையதே. மூளையில் நரம்புக் கலங்களை அடக்கும் காபா என்னும் பதார்த்தத்தின் செயலை மதுசாரம் வலுப்படுத்துகிறது. அவற்றைத் தூண்டும் குளுட்டமேற்றின் செயலை மந்தப்படுத்துகிறது. தசைகளின் களைப்பு இருந்தவாறே இருக்க, அதனை உணரும் ஆற்றல் மட்டும் குன்றுகின்றது. உறக்கம் விரைவில் வரும். ஆனால் இரவின் பிற்பாதியில் அது கலைந்து கலைந்து செல்லும்.

இவற்றினும் பாரதூரமானதொன்று உண்டு. மதுசாரம் கிராமொன்றுக்கு ஏறத்தாழ 7 கிலோகலோரி சக்தியைத் தருவதாகக் கணக்கிடுவர். இக்கணக்கைக் காட்டிக் கள்ளை உணவென வாதிடுவோரும் உளர். ஆனால் மதுசாரத்தை ஒட்சியேற்றும் பணியில் ஈடுபட்டிருக்கும் ஈரல், புதிதாகக் குளுக்கோசைத் தயாரிக்கும் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாதிருக்கிறது. வயிறு நிறைய உண்டவருக்கு இதனால் உடனடி இடர் குறைவு. ரொட்டியும் தேநீருமாகப் பகலைக் கழித்துவிட்டு, வெறுவயிற்றோடு தவறணைக்குச் செல்பவரின் நிலை வேறு. அவரது ஈரலில் கிளைக்கோசனாகச் சேமிக்கப்பட்டிருந்த சீனி உழைப்பிலே பெரும்பாலும் தீர்ந்திருக்கும். இந்நிலையில் குருதியின் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்ச்சியுறலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல், ஈற்றில் மயக்கம் ஆகியன அதன் குறிகள். பார்ப்போர் 'வெறியில் கிடக்கிறான், தூங்கட்டும்' என விட்டுச் செல்வர். சிகிச்சையின்றி விடப்பட்டால் அத்தூக்கம் மரணத்தில் முடியவும் கூடும். ஒரே அளவு சாராயம் பசித்தவனுக்கும் உண்டவனுக்கும் ஒரே தீங்கைச் செய்வதில்லை என்பது முற்போக்காளர் சிறப்பாக மனங்கொள்ள வேண்டியதொன்று.

குருதியிலுள்ள மதுசாரம், 100 மில்லிலீற்றருக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே குறைகின்றது. தேசிக்காய்ச் சாறோ மோரோ தலையில் ஊற்றும் குளிர்நீரோ இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. ஒட்சியேற்றத்தின் இடைவிளைவான அசற்றல்டிகைட்டு கலங்களின் மரபுப் பொருளையே சிதைக்க வல்லது. மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளாக சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1988 இல் வகைப்படுத்தியது. பழகிய குடிகாரர் 'எனக்கு ஏறுவதில்லை' எனப் பெருமை கொள்வதுண்டு. அவரது மூளை பழகிக்கொண்டதையே அது காட்டும். ஈரலின் சிதைவு அதனால் நிற்பதில்லை.

இனி நடத்தையைப் பற்றி. மதுசாரம் தற்கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் வெறியில் நிகழும் யாவற்றையும் இரசாயனத்தின் தலையிற் சுமத்த இயலாது. அலன் மார்லற்றும் அவருடைய சகாக்களும் 1973 இல் வெளியிட்ட பரிசோதனையில், வொட்கா கலந்த பானம் தரப்படுவதாக நம்பவைக்கப்பட்டோர் கூடுதலாகக் குடித்தனர். அதில் வொட்கா உண்மையில் இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. இதற்கு முன்னர், 1969 இல், மக்அன்ட்றூவும் எட்கேற்றனும் பல்வேறு சமூகங்கள் பற்றிய மானிடவியற் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கால் தள்ளாடுவது எங்கும் பொதுவாயிருக்க, சண்டையும் வன்முறையும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதையும், வெறியிலும் சில எல்லைகள் மீறப்படாமல் இருப்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர்.

நமது சூழலில் அவ்வெல்லை எங்கே வரையப்பட்டுள்ளது என்பதைக் காண்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தோட்டத்துரையின் முன்னோ பொலிசாரின் முன்னோ வெறியிலும் குரல் தாழ்த்தி ஒதுங்கி நிற்கும் ஒருவர், லயத்து அறைக்குள் நுழைந்ததும் மனைவியை அடிக்கின்றார். இரு இடத்திலும் அவர் குருதியிலுள்ள மதுசாரம் ஏறக்குறைய ஒரே அளவினதே. மறுநாள் அயலார் 'குடி செய்த வேலை' என்று கூறி அவரை விடுவித்து விடுகின்றனர். அடி வாங்கியவளும் அதையே கூறும்படி எதிர்பார்க்கப்படுகிறாள்.