புதுக் கம்பெனியில் மென்பொருள் வேலை: பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் போகிறவர்கள் இறால் பண்ணைக் குளங்களைப் பார்த்திருப்பார்கள். சில குளங்களில் தண்ணீர் நிறைந்து, காற்றுச் சக்கரம் சுற்றி நுரை தள்ளும். வேறு சில காய்ந்து, புல் மண்டிக் கிடக்கும். கம்பியூட்டர் வேலையைப் பற்றிச் சொல்ல வந்து இறாலைப் பற்றிப் பேசுவதேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. கடைசியில் விளங்கும்.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகளில் சிலரும் மென்பொருள் படிக்கிறார்கள். "மவனுக்குக் கொழும்புல ஸ்டார்ட்-அப் கம்பெனியில வேல கெடச்சிருக்கு. அது என்னா வேலைங்க, நம்பி அனுப்பலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மென்பொருள் பொறியியலாளர் என்ன செய்கிறார்?

கொழுந்து நிறுக்கும் மின்தராசை எடுத்துக்கொள்வோம். கொழுந்துப் பையைத் தொங்கவிட்டதும் எடை தெரிகிறது. ஆனால் அந்த எடை யாருடைய பெயரில் விழ வேண்டும், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், குறித்த கிலோவுக்கு மேல் பறித்தால் மேலதிகக் காசு எவ்வளவு என்பதெல்லாம் தராசுக்குத் தானாகத் தெரியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, "இப்படி வந்தால் இப்படிச் செய்" என்று ஒவ்வொரு படியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதுவதுதான் நிரல். எழுதுகிறவர்தான் மென்பொருள் பொறியியலாளர்.

கணினி சொன்னதை மட்டுமே செய்யும். ஒரே ஆளின் எடை இரண்டு தரம் பதிந்தால் என்ன செய்வது என்று எழுத மறந்தால், சம்பளக் கணக்கு பிழைத்துப் போகும். ஆகவே எழுதுவது பாதி வேலை. பரிசோதிப்பதும் பிழை தேடித் திருத்துவதும் மறு பாதி. இன்று செயற்கை நுண்ணறிவு எளிய நிரலைத் தானே எழுதித் தருகிறது. அதனால் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதியது சரிதானா என்று யோசித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஸ்டார்ட்-அப் என்றால்?

பழைய கம்பெனி தன் வருமானத்திலிருந்து சம்பளம் கொடுக்கும். புதிதாகத் தொடங்கும் கம்பெனிக்குப் பெரும்பாலும் வருமானம் இராது. நாலைந்து பேர் ஒரு யோசனையோடு வருவார்கள். முதலீட்டாளர் பணம் போட்டு, பதிலுக்குக் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொள்வார். அந்தப் பணம் தீருமுன் வருமானம் வர வேண்டும், அல்லது அடுத்த முதலீடு வர வேண்டும். இரண்டும் வராவிட்டால் கதவு மூடப்படும்.

வென்றவர்கள் உண்டு. 2015இல் கொழும்பில் ஜிப்ரி சுல்பர் முதலானோர் தொடங்கிய பிக்மீ, கைபேசியில் முச்சக்கர வண்டி அழைக்கும் வசதியைத் தந்தது. அந்தக் கம்பெனி 2024இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஏறியது. ஊழியர்களுக்கும் பங்கு கொடுத்திருந்ததால் அன்று 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள்.

விழுந்தவர்களும் உண்டு. இந்தியாவில் 2011இல் தொடங்கிய பைஜூஸ் என்ற கல்விக் கம்பெனி 2022இல் 2,200 கோடி டொலர் பெறும் என்று மதிப்பிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2024இல் கம்பெனி கடன் தீர்க்க முடியாமல் நீதிமன்ற நடவடிக்கைக்குள் போனது. பங்குக் கடதாசி கையில் இருந்தாலும், விற்க முடிந்தால்தான் அது காசு.

இறால் குளம் சொல்லும் பாடம்

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் புத்தளம் கரையோரத்தில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. கடன் வாங்கிக் குளம் வெட்டினார்கள். நாலைந்து மாதத்தில் அறுவடை, ஏற்றுமதி, நல்ல இலாபம். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. பல பண்ணைகள் ஒரே டச்சுக் கால்வாயிலும் களப்பிலும் தண்ணீர் எடுத்து, அதிலேயே திரும்ப விட்டன. ஒருவர் குளத்தின் நோய் அடுத்தவர் குளத்துக்கும் போனது. கவனமாக வளர்த்தவரும் நட்டப்பட்டார். முதலாளிக்குக் கடன், குளத்தில் வேலை செய்தவருக்கோ வேலையே போனது.

புதுக் கம்பெனிகளும் ஒரே கால்வாயில் தண்ணீர் எடுப்பவைதான். அந்தத் தண்ணீர் முதலீட்டாளரின் பணம். 2022இல் அமெரிக்காவில் வட்டி வீதம் உயர்ந்ததும் முதலீடு உலகம் முழுவதும் வற்றியது. நன்றாக வேலை செய்தவர்களும் அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை போனால் பிள்ளை கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இறால் வளர்ப்பு அழிந்துவிடவில்லை. பிறகு வலயம் வலயமாக முறை வைத்து வளர்க்கப் பழகிக்கொண்டார்கள். ஆபத்தைத் தெரிந்துகொண்டு இறங்குவதுதான் புத்தி.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. நியமனக் கடிதம். சம்பளம், வேலை நேரம், லீவு எல்லாம் எழுத்தில் வேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. "நம்ம எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற பேச்சு கடிதத்துக்கு ஈடாகாது.

2. ஈ.பி.எப்., ஈ.டி.எப். தோட்டத்தில் நமக்குத் தெரிந்த அதே கணக்குத்தான்: ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.டி.எப். 3 வீதம். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும். ஊழியராக வேலை வாங்கிக்கொண்டு "ஆலோசகர்" என்று பெயர் வைத்தால் உஷாராக இருக்க வேண்டும், ஈ.பி.எப். கட்டாமல் தப்பவும் அப்படிச் செய்வதுண்டு.

3. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் இருந்தால்தான் 1983ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி, 5 ஆண்டு சேவைக்குப் பின் பணிக்கொடை கிடைக்கும். வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 15 பேருக்குக் குறைந்த கம்பெனிக்குப் பொருந்தாது. புதுக் கம்பெனிகள் பல இப்படிச் சிறியவைதான்.

4. கையிலுள்ள பணம் எத்தனை மாதச் சம்பளத்துக்குக் காணும்? இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

5. பங்கு தருவதாகச் சொன்னால், எத்தனை ஆண்டு இருந்தால் கிடைக்கும், இடையில் விலகினால் என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். பங்கைக் காட்டிச் சம்பளத்தைப் பெரிதாகக் குறைத்தால் யோசியுங்கள்.

படிக்க வழி

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் என்.வி.கியூ. சான்றிதழ்ப் பயிற்சிகள் உண்டு. தமிழ்நாட்டில் சோஹோ கம்பெனி 2005 முதல் பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்தே பயிற்றுகிறது. தென்காசிப் பக்கத்துக் கிராமமான மத்தளம்பாறையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. ஆங்கிலம் வாசித்து விளங்கும் அளவுக்கேனும் வேண்டும். அதைச் சின்ன வயதிலேயே தொடங்குவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வேலையில் சேர்ந்ததும் முதல் மாதச் சம்பளத்தை நம்பிக் கடனுக்கு வீடு கட்டத் தொடங்காதீர்கள். குறைந்தது ஆறு மாதச் செலவுக்குக் காசு பாங்கில் சேரட்டும். அது இருந்தால் கம்பெனி மூடினாலும் பிள்ளை பதறாமல் அடுத்த வேலை தேடலாம். கம்பெனி போனாலும் பிள்ளை கற்ற வேலை போகாது.