புகைக்கூடும் அதன் உட்குழாயும்

நெருப்பை மூட்டுதல் எளிது. அதன் புகையை வழிநடத்துதல் அரிது. நம் ஊர் அடுக்களையிலே புகைக்கூடு பழுதுற்றாற் கண் கரிக்கும், இருமல் எழும்; ஆயினும் கதவும் பலகணியும் திறந்திருத்தலின் காற்று உலாவும். குளிர்நாட்டு வீடுகளோ அடைத்தே கிடப்பன. ஆங்குப் புகைக்கூட்டின் பழுது உயிரையே கொள்ளவல்லது. பழைய மாணவர் பலர் இன்று இங்கிலாந்திலே வாழ்கின்றனராதலின், இப்பொருளை ஈண்டு ஒருசிறிது விளக்கப் புகுகின்றோம்.

விக்ரோறியா மகாராணியார் காலத்து வீடுகளின் புகைவழி பெரும்பாலும் ஒன்பது அங்குலச் சதுரமானது. செங்கல்லாற் கட்டி, உட்புறத்தைச் சுண்ணச்சாந்தாற் பூசினர். அச்சாந்திற் சாணத்தைக் கலந்ததும் உண்டு. இது நிலக்கரி எரியும் திறந்த கணப்புக்கென அமைந்தது. இங்கிலாந்திலே புதிய புகைக்கூடுகளுக்குத் தக்க உள்ளீடு வேண்டுமென 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் விதித்தன. அதற்கு முற்பட்ட வீடுகள் பலவற்றில் அஃது இல்லை.

இத்தகைய புகைக்கூட்டின் கீழ், கதவுடைய இரும்புக் கணப்படுப்பை வைத்தால் நிகழ்வது யாது? திறந்த கணப்பிலே அறைக்காற்றுப் பெருமளவிற் புகையோடு கலந்து விரைந்து மேலெழும். மூடிய அடுப்போ சிறிதளவு காற்றையே ஏற்கும். வெப்பத்தை அறைக்கு ஈந்துவிட்டுச் சிறிதளவு புகையையே மெல்ல வெளிவிடும். அகன்று குளிர்ந்த வழியிலே அப்புகை மேலும் குளிர, நீராவியும் தாரும் சுவரிற் படியும்.

இதனால் இருகேடு விளையும். தார் தீப்பற்றின் புகைக்கூட்டினுள்ளே வெப்பம் 1,000 பாகை செல்சியசையும் கடத்தல் கூடும். அண்மையிலுள்ள மரச்சட்டங்களும் பற்றும். மற்றையது, அமிலநீர் சாந்தை அரிக்க, இடுக்குகளின் வழியே காபனோரொட்சைட்டு மேல்மாடிப் படுக்கையறையுட் கசியும். இவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலாகப் பற்றுந் தன்மையது. உறங்குவோர் உறக்கத்திலேயே மாள்வர்.

இதற்குப் பரிகாரம் உட்குழாய் இடுதலாம். முதலிற் புகைவழியைத் துடைத்து, அடைப்பும் வெடிப்பும் உளவோ எனச் சோதித்தல் வேண்டும். பின்னர், வளையுந் தன்மையுடைய இரட்டைச்சுவர்க் கறையில் உருக்குக் குழாயைக் கூரையிலிருந்து கயிற்றுடன் கீழிறக்குவர். பெரும்பாலும் வேண்டப்படும் விட்டம் 150 மில்லிமீற்றர், அஃதாவது ஆறு அங்குலம். எவ்வாற்றானும் அடுப்பின் புகைவாயினுங் குறைதலாகாது. குழாயிற் பொறித்த அம்புக்குறி புகை செல்லுந் திசையை நோக்கல் வேண்டும். குழாய்க்கும் செங்கற்சுவருக்கும் இடைப்பட்ட வெளியை வேர்மிக்குலைற்று மணிகளால் நிரப்பினால், குழாய் வெப்பம் இழவாது. புகை தளராது மேலெழும்.

அடுப்பையும் உட்குழாயையும் இணைக்கும் குழாய்த்துண்டுகளில் மேலதன் நுனி கீழதனுள்ளே இறங்குதல் வேண்டும். மாறிப் பொருத்தினால், உள்ளே வழியுந் தார் மூட்டுக்களினூடே வெளியே கசியும். உச்சியில் மழையும் பறவையும் புகாதபடி மூடியொன்று அமையும்.

குழாய் இட்டதோடு கடமை முடிந்ததன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் புகைவழியைத் துடைப்பித்தல் வேண்டும். ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் குறைந்த விறகையே எரித்தல் வேண்டும். பச்சைவிறகு தாரின் தாய். அறைக்குக் காற்று வருவழியை அடைத்தலாகாது. புதிய அடுப்பு அமைக்கும் அறையிலே காபனோரொட்சைட்டை அறிவிக்குங் கருவி வேண்டுமென இங்கிலாந்து விதிகள் 2010ஆம் ஆண்டு முதல் வற்புறுத்துகின்றன.

வாங்கிய வீட்டின் வண்ணச்சுவரை நோக்கி மகிழ்வோர் பலர். அச்சுவரினுள் மறைந்த புகைவழியை நோக்குவோர் சிலர். கண்ணுக்குத் தோன்றும் பழுதினும் தோன்றாப் பழுதே கொடிது. ஆதலின், தேர்ந்த தொழிலாளரைக் கொண்டு புகைக்கூட்டைச் சோதிப்பித்த பின்னரே அடுப்பிலே முதல்விறகை இடுக என அன்பர்களை வேண்டுகின்றோம்.