நாய்களைத் தாக்கும் இதயப்புழு

மேல்மலையனூர் வட்டாரத்தில் மணிலாக் கொல்லைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவல் நாய்தான். அதற்கு வயிற்றுப் புழு மருந்து மட்டும் கொடுத்தால் போதாது. கொசுவால் பரவும் இதயப்புழுவும் உண்டு. இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் இது மிகுதி. கேரளம், தமிழ்நாடு பகுதிகளில் இதே பேரினத்தைச் சேர்ந்த, தோலுக்கடியில் வாழும் புழு காணப்படுகிறது. அது கொசு மூலம் மனிதர் கண்ணுக்கும் வருவதுண்டு.

பரவும் விதம்

நோயுற்ற நாயைக் கடித்த கொசு, சுமார் 2 வாரம் கழித்து வேறு நாயைக் கடிக்கும்போது இளம்புழுவைச் செலுத்துகிறது. அது 6, 7 மாதங்களில் நுரையீரல் இரத்தக்குழாயிலும் இதயத்திலும் முதிர்கிறது. பெண் புழு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும்.

அறிகுறிகள்

வறட்டு இருமல், ஓடினால் இளைப்பு, உடல் மெலிவு. முற்றினால் வயிற்றில் நீர் கோக்கும்.

தடுப்பும் சிகிச்சையும்

முதலில் இரத்தப் பரிசோதனை அவசியம். நோய் இல்லையெனில் மாதம் ஒருமுறை ஐவர்மெக்டின் தடுப்பு மருந்து கொடுக்கலாம். மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தை நாய்க்குப் போடக்கூடாது. கிலோ எடைக்கு மாட்டுக்கு 200 மைக்ரோகிராம். நாய்க்கு இதயப்புழுத் தடுப்புக்கு 6 மைக்ரோகிராமே போதும். அளவு மிகுந்தால் நரம்பு பாதித்து நாய் இறக்க நேரிடும். இரத்தத்தில் நுண்புழு நிறைந்த நாய்க்கு, அவை ஒரே சமயத்தில் மடிவதாலும் ஆபத்து உண்டு.

முதிர்ந்த புழுக்களைக் கொல்லும் சிகிச்சையைக் கால்நடை மருத்துவரே செய்யவேண்டும். செத்த புழுக்கள் நுரையீரல் குழாயை அடைக்கக்கூடும். எனவே அவர் சொல்லும் காலம்வரை நாயை ஓடவிடாமல் கட்டி வைக்கவும்.

கொட்டகையருகே நீர் தேங்காமல் பார்த்து, தொட்டிகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவிட்டால் கொசு குறையும். நாய்க்கும் நலம், வீட்டாருக்கும் நலம்.