பின்வாசல் வழியாக ரிச்மண்ட் கொட்டகைக்குள்

சத்தம் போடாமல் பின்னாலேயே வாருங்கள்! இது 1788 ஜூன் மாதம். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம், ஷாக்கோ குன்று. எதிரே தெரிகிறதே, அந்தக் கட்டிடம் ஒரு பிரெஞ்சுக்காரர் கலைக்கூடம் நடத்த எழுப்பியது. நாடகமும் அங்கேதான் போடுவார்கள். மாநாட்டு உறுப்பினர்கள் முதல் நாள் சட்டமன்றக் கட்டிடத்தில் கூடினார்கள். மறுநாளே ஜாகையை இங்கே மாற்றிக்கொண்டார்கள். புதிய அமெரிக்க அரசியல் சட்டத்தை ஏற்பதா, தள்ளுவதா என்று 13 மாநிலங்களில் அதிக ஜனத்தொகை கொண்ட மாநிலம் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து தீர்மானிக்கப்போகிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைய பேச்சுகளைப் பதிந்த குறிப்புகளும், எழுதிய கடிதங்களும், ஊரார் சொல்லிச் சொல்லித் தங்கிவிட்ட கதைகளும்தான் நமக்கு நுழைவுச்சீட்டு.

முதலில் மேலே மாடத்துக்கு வாருங்கள். இந்த நெரிசலில் ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அவர் டேவிட் ராபர்ட்சன், பீட்டர்ஸ்பர்க் வக்கீல். சுருக்கெழுத்து தெரிந்தவர். பேசுகிறவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், பக்கத்திலோ ஆட்கள் போவதும் வருவதுமாக ஓயாத சத்தம். பாதி வாக்கியம் காதில் விழும், பாதி காற்றோடு போகும். இருந்தும் மனிதர் விடவில்லை. ‘குரல் தாழ்ந்துவிட்டது, கேட்கவில்லை’ என்பதைக்கூட எழுதி வைத்திருக்கிறார். அவர் பேனா மட்டும் அன்று ஓய்ந்திருந்தால் நாம் இன்று எந்த வழியாக உள்ளே வந்திருப்போம்?

தலைமை நாற்காலியில் எட்மண்ட் பெண்டில்டன். குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிய நாள் முதல் கக்கத்தில் கட்டையோடுதான் நடமாட்டம். விவாதம் சூடாகும் நேரத்தில் நாற்காலியை முதியவர் ஜார்ஜ் வைத்திடம் கொடுத்துவிட்டு, தானும் ஓர் உறுப்பினராகக் கட்டையை ஊன்றி எழுந்து பேசுகிறார். கூடத்தில் சட்டென்று ஓர் அமைதி.

அதோ, கண்ணாடியும் டோப்பாவுமாக எழுந்திருப்பவர் பேட்ரிக் ஹென்றி. வேகம் ஏறினால் டோப்பாவைத் தலையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவார் என்பது ஊர்ப் பேச்சு. அதைப் பார்ப்பதற்காகவே நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் பிடித்துக்கொண்டதோ ஆங்கிலத்தில் மூன்றே சொல். ‘மக்களாகிய நாங்கள்’ என்று சட்டம் தொடங்குகிறதே, அப்படிச் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ‘மாநிலங்களாகிய நாங்கள்’ என்றல்லவா இருக்க வேண்டும்? வரி போடுகிற கை தூரத்தில் இருந்தால் வர்ஜீனியாவின் கதி என்ன? மனித உரிமைகளைக் காக்க ஒரு வரியாவது எழுதினீர்களா? கடைசிக் கேள்வியில் அவர் பக்கம் பெரிய நியாயம் இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பதில் சொல்ல எழுகிறவர் ஜேம்ஸ் மாடிசன். சின்ன உருவம், அதைவிடச் சின்னக் குரல். கையில் தொப்பி. கொஞ்சம் எட்டிப் பாருங்கள், தொப்பிக்குள் குறிப்புச் சீட்டு! பித்தம் ஏறிச் சில நாள் படுக்கையில் கிடந்துவிட்டு வந்திருக்கிறார். இந்த அரசு பாதி தேசம், பாதி மாநிலங்களின் கூட்டு. இரண்டும் கலந்தது என்று பொறுமையாக விளக்குகிறார். மாடத்தில் இருப்பவர்கள் காதைக் குவித்துக்கொள்கிறார்கள்.

இடைவேளையில் காதைக் கொடுத்தால் இன்னும் ருசி. சட்டத்தை வரி வரியாக எடுத்துத்தான் விவாதிக்க வேண்டும் என்று முதலில் கேட்டவர், எதிரணியின் ஜார்ஜ் மேசன். மாடிசன் அதற்குச் சந்தோஷமாகத் தலையாட்டினார். வரி வரியாகப் போனால் லாபம் அவருக்குத்தான்! சட்டத்தை வரைந்த பிலடெல்பியா கூட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்த ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப் இங்கே சட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். ஹென்றி அதைக் குத்திக்காட்ட, வார்த்தை தடித்தது. அன்று இரவே ஹென்றியின் நண்பர் ஒருவர் ராண்டால்ஃபின் வாசலில் போய் நின்றார். துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போயிருக்க வேண்டியது, நல்லவேளை, பேசி முடித்தார்கள். இதற்கு நடுவே வர்ஜீனியாவின் கென்டக்கிப் பக்கத்து உறுப்பினர்கள் 14 பேரையும் இரண்டு தரப்பும் விடாமல் சுற்றி வருகின்றன. அவர்கள் கவலையெல்லாம் மிசிசிப்பி ஆற்றில் படகு விட முடியுமா என்பதுதான்.

ஒரு நிமிடம் வெளியே குதிரைகள் கட்டியிருக்கும் பக்கம் வாருங்கள். தண்ணீர் காட்டி, சேணம் துடைத்து நிற்கிறவர்கள் அடிமைகள். உள்ளே சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்குகிற ஹென்றியும் மாடிசனும் மேசனும் அடிமைகளை வைத்திருப்பவர்கள். மேசன் அடிமை வியாபாரத்தைக் கடுமையாகச் சாடுகிறார். ஹென்றியோ, மத்திய அரசு ஒருநாள் அடிமைகளை விடுவித்துவிடும் என்று சொல்லியே பயமுறுத்துகிறார். மாநில உரிமை என்ற சொல்லுக்குள் இதுவும் ஒளிந்திருந்தது. வெயிலில் நிற்கும் இந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் தொண்டையை அடைக்கிறது.

ஜூன் 24. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, சீக்கிரம் உள்ளே! ஹென்றி கடைசிப் பெரிய பேச்சில் இருக்கிறார். மேலுலகத்தில் இருப்பவர்களும் நம் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கையை உயர்த்துகிறார். அதே நேரம் பிடித்துக்கொண்டது புயல்! கதவுகள் படீர் படீரென்று அடிக்க, கூடமே அமளிதுமளி. பேச்சை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ராபர்ட்சனின் குறிப்பிலேயே புயல் இருக்கிறது. எந்த நாடகக் கம்பெனியும் இப்படி இடி வரவழைத்ததில்லை!

மறுநாள் ஓட்டு. முதலில் திருத்தம், பிறகே ஒப்புதல் என்ற ஹென்றி தரப்புத் தீர்மானத்துக்கு 80 பேர் ஆதரவு, 88 பேர் எதிர்ப்பு. அடுத்து, சட்டத்தை ஏற்பதா? பெயர் பெயராகக் கூப்பிடக் கூப்பிட நான் விரல் விட்டு எண்ணுகிறேன். 89க்கு 79. ஐந்து பேர் மனம் மாறியிருந்தால் முடிவு தொங்கலில்! இன்னொரு ரகசியம்: ஒன்பது மாநிலம் சேர்ந்தால் சட்டம் நடைமுறைக்கு வரும், அந்த ஒன்பதாவது நாம்தான் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் 21லேயே நியூ ஹாம்ப்ஷயர் முந்திக்கொண்டது. சேதி கொண்டுவரும் குதிரை இன்னும் வழியில் இருக்கிறது.

தோற்றவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. உரிமைப் பட்டியலாக 20, திருத்தங்களாக 20 என்று மாநாட்டின் பரிந்துரையில் எழுதி வாங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கூடிய முதல் காங்கிரஸில் உரிமைத் திருத்தங்களை எடுத்துக்கொண்டு எழுந்தவர் அதே மாடிசன். 1791 டிசம்பர் 15 அன்று வர்ஜீனியா ஒப்புதல் கொடுக்க, பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. மத்திய அரசுக்குத் தராத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்பது பத்தாவது. பேசித் தேய்ந்த ஹென்றியின் தொண்டைக்கு அதில் பங்கு உண்டு என்பேன்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒன்று. மாநாடு முடிந்த இரவு, தோற்றவர்களில் பலர் தனியாகக் கூடினார்களாம். சிலருக்கு இரத்தம் கொதிக்கிறது. இந்தச் சட்டத்தை எதிர்த்து நிற்போம் என்கிறார்கள். ஹென்றி வந்து சொன்னாராம்: எதிர்க்க வேண்டிய இடத்தில் என் பலம் முழுக்கக் கொடுத்து எதிர்த்தேன், தோற்றேன், நீங்களும் வீட்டுக்குப் போங்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள்.