காசநோய் முதல் ஸ்டீராய்டு வரை: அட்ரீனல் சுரப்பி செயலிழப்புக்கு இந்தியாவில் காரணங்கள் என்ன?

காசநோய்க்கான சிகிச்சையை முறையாக முடித்த பின்னரும் சிலருக்கு உடற்சோர்வு நீங்குவதில்லை. எடை தொடர்ந்து குறைகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. முகமும் கைகளும் முன்பைவிடக் கருத்துக் காணப்படுகின்றன. ஊட்டச்சத்துக் குறைபாடு என்று கருதிப் புறக்கணிக்கப்படும் இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் அட்ரீனல் சுரப்பிகளின் செயலிழப்பு இருக்கக்கூடும்.

மாத்திரைகளால் வாழ்நாள் முழுவதும் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய் இது. ஆயினும், உரிய காலத்தில் கண்டறியப்படாவிட்டால் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோகூட நோயாளியின் உயிரைப் பறித்துவிடும். இந்தியா போன்ற வளரும் நாடுகளில் இந்நோய் எதனால் ஏற்படுகிறது, ஏன் தாமதமாகக் கண்டறியப்படுகிறது என்பதை இங்கு காணலாம்.

சிறிய சுரப்பி, பெரிய பணி

இரு சிறுநீரகங்களின் மேற்பகுதியிலும் தொப்பி போல அமைந்துள்ளவை அட்ரீனல் சுரப்பிகள். ஒவ்வொன்றின் எடையும் சுமார் 5 கிராம் மட்டுமே. இவற்றின் வெளிப்பகுதி சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன், இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரை அளவையும் பேணுகிறது. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளை உடல் தாங்குவதற்கும் இதுவே துணைநிற்கிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோன், உடலில் உப்பு மற்றும் நீரின் சமநிலையைக் காக்கிறது.

லண்டனைச் சேர்ந்த மருத்துவர் தாமஸ் அடிசன், இச்சுரப்பிகள் சிதைவதால் ஏற்படும் நோயை 1855ஆம் ஆண்டு முதன்முதலாக விவரித்தார். அவர் ஆராய்ந்த நோயாளிகளில் பலருக்குச் சுரப்பிகளைச் சிதைத்திருந்தது காசநோயே. இன்று செல்வந்த நாடுகளில் நிலைமை மாறிவிட்டது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவதுதான் அங்கு அடிசன் நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகிறது. இந்தியாவில் இவ்வகை பாதிப்பும் காணப்படுகிறது என்றாலும், நோய்த்தொற்றுகளின் பங்கு இன்றும் கணிசமானது.

காசநோயும் பூஞ்சைத் தொற்றும்

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். நுரையீரலில் தங்கும் காசநோய்க் கிருமி, இரத்தத்தின் வழியே அட்ரீனல் சுரப்பிகளைச் சென்றடையக்கூடும். அங்கு அது பல ஆண்டுகள் மெல்ல மெல்லச் சிதைவை ஏற்படுத்துகிறது. இரு சுரப்பிகளிலும் சுமார் 90 சதவீதப் பகுதி அழிந்த பின்னரே அறிகுறிகள் தெளிவாகத் தென்படுகின்றன என்பதால், நோயாளிக்கும் மருத்துவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைப்பதில்லை.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. காசநோய் சிகிச்சையின் முதன்மை மருந்துகளுள் ஒன்றான ரிஃபாம்பிசின், கல்லீரலில் கார்டிசோல் சிதைவதை விரைவுபடுத்துகிறது. சுரப்பி ஏற்கெனவே நலிந்திருக்கும் ஒருவருக்கு இம்மருந்து தொடங்கப்பட்டதும் நிலைமை திடீரென மோசமடையலாம். சிகிச்சையின் முதல் வாரங்களில் கடும் வாந்தியும் தாழ்ந்த இரத்த அழுத்தமும் ஏற்பட்டால், அதை மருந்தின் பக்கவிளைவு என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது.

பறவை மற்றும் வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் பூஞ்சையால் உண்டாகும் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் மற்றொரு முக்கியக் காரணம். கங்கைச் சமவெளி உள்ளிட்ட வட இந்தியப் பகுதிகளில், எதிர்ப்பாற்றல் குறையாதவர்களிடமும் இப்பூஞ்சை அட்ரீனல் சுரப்பிகளைத் தாக்கியது பதிவாகியுள்ளது. சி.டி. ஸ்கேனில் வீங்கிய சுரப்பிகளாகத் தெரியும் இந்த நோய், காசநோய் என்றோ புற்றுநோய் என்றோ தவறாகக் கருதப்படுவதுண்டு. ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிக்காமல், ஊகத்தின் பேரில் காசநோய் மருந்து கொடுத்தால் பூஞ்சை குணமாகாது. ரிஃபாம்பிசினால் கார்டிசோல் பற்றாக்குறையும் கடுமையாகும்.

ஸ்டீராய்டு மருந்துகளால் நேரும் பாதிப்பு

சுரப்பி சிதையாமலேயே அது உறங்கிப்போகும் நிலையும் உண்டு. உலக அளவில் மிகப் பரவலாகக் காணப்படும் காரணம் இதுவே. மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் அரிப்பு ஆகியவற்றுக்காக பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைச் சில வாரங்களுக்கு மேல் உட்கொள்ளும்போது, உடல் தனது சொந்தக் கார்டிசோல் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால், சுரப்பி உடனடியாக விழித்தெழுவதில்லை.

மருத்துவரின் பரிந்துரையின்றி மருந்துக் கடைகளில் ஸ்டீராய்டுகள் எளிதில் கிடைப்பதும், உடனடி நிவாரணம் தருவதாகக் கூறப்படும் பெயரிடப்படாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலக்கப்படுவதும் இப்பாதிப்பை அதிகரிக்கின்றன. வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புகளைச் சருமப் பொலிவுக்காக நீண்டகாலம் பூசுவதும் ஆபத்தானதே. இத்தகைய 14 களிம்பு மருந்துகளை, மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் மத்திய அரசு 2018ஆம் ஆண்டு சேர்த்தது குறிப்பிடத்தக்கது.

பாம்புக்கடியும் பிரசவ இரத்தப்போக்கும்

அட்ரீனல் சுரப்பியை இயக்குவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அது பாதிக்கப்பட்டாலும் கார்டிசோல் சுரப்பு நின்றுவிடும். பிரசவத்தின்போது ஏற்படும் கடும் இரத்தப்போக்கால் பிட்யூட்டரி சிதைவது ஷீஹான் நோய்க்குறி எனப்படுகிறது. மகப்பேறு சிகிச்சை மேம்பட்ட நாடுகளில் இது அரிதாகிவிட்டது. குழந்தை பிறந்த பின் தாய்ப்பால் சுரக்காதது, மாதவிடாய் திரும்பாதது ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். ஆனால், பல பெண்களுக்கு இந்நோய் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுகிறது.

கண்ணாடி விரியன் பாம்பின் நஞ்சும் பிட்யூட்டரியைச் சேதப்படுத்த வல்லது. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென்மாநிலங்களிலும் அண்டை நாடான மியான்மரிலும் இத்தகைய பாதிப்புகள் பதிவாகியுள்ளன. பாம்புக்கடியிலிருந்து மீண்டவர்களுக்கு நீங்காத சோர்வு இருப்பின், ஹார்மோன் பரிசோதனை அவசியமாகிறது.

அறிகுறிகள் ஏன் கவனிக்கப்படுவதில்லை?

சோர்வு, பசியின்மை, எடை குறைதல், குமட்டல், தலைசுற்றல் ஆகியவை பல நோய்களுக்குப் பொதுவானவை. சுரப்பியே சிதையும்போது தோல் கருக்கும் என்பது முக்கியத் தடயம் என்றாலும், கருநிற மேனியில் அதை உணர்வது கடினம். எனவே ஈறுகள், வாயின் உட்புறம், உள்ளங்கை ரேகைகள், விரல் மூட்டுகள், பழைய தழும்புகள் ஆகியவற்றை உற்றுநோக்க வேண்டும். உப்பின் மீது அளவுகடந்த நாட்டம் ஏற்படுவதும் ஓர் அறிகுறி. ஸ்டீராய்டு மருந்தாலோ பிட்யூட்டரி பாதிப்பாலோ நோய் ஏற்பட்டிருந்தால் தோல் கருப்பதில்லை.

காலை 8 மணி முதல் 9 மணிக்குள் எடுக்கப்படும் இரத்தத்தில் கார்டிசோல் அளவைப் பார்ப்பது முதற்கட்டப் பரிசோதனை. அளவு மிகக் குறைவாக இருப்பின் நோய் ஏறத்தாழ உறுதியாகிறது. முடிவு தெளிவாக இல்லாவிடில், சுரப்பியைத் தூண்டும் ஊசி செலுத்தி மீண்டும் அளவிடப்படுகிறது.

உயிர் காக்கும் ஊசி

பாதிக்கப்பட்டவருக்குத் தொற்று, விபத்து அல்லது அறுவை சிகிச்சை நேரும்போது இரத்த அழுத்தம் சரிந்து, நினைவு தப்பும் அபாய நிலை உருவாகலாம். அத்தருணத்தில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும், நரம்பு வழியாக உப்புநீரும் உடனடியாகத் தேவை. பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்கக்கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல்களின் அடிப்படை விதி. ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் பயன்படுவதால், இந்த ஊசி பெரும்பாலான மருத்துவமனைகளில் கையிருப்பில் இருக்கும். நோயாளிக்கு எது தேவை என்பதை அறிந்தவர் அங்கு இருக்கிறாரா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

காசநோயோ பூஞ்சையோ குணமான பின்னரும், சிதைந்த சுரப்பி பெரும்பாலும் மீள்வதில்லை. எனவே நாள்தோறும் 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்து, வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். பலருக்கு ஃப்ளூட்ரோகார்டிசோனும் தேவைப்படும். இவ்விரண்டும் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளன. ஆயினும், சிறு நகரங்களில் இவை தடையின்றிக் கிடைப்பதில்லை. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கிடைக்காதபோது, விலை குறைந்த பிரட்னிசோலோனை மருத்துவர்கள் மாற்றாகப் பரிந்துரைக்கின்றனர்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தக்கூடாது.
* காய்ச்சலின்போது, மருத்துவர் முன்னரே கூறியபடி அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக உயர்த்த வேண்டும்.
* வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால், ஊசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
* நோயின் பெயரும் அவசர ஊசியின் அளவும் எழுதப்பட்ட அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.
* நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொண்டவர்கள், மருத்துவ மேற்பார்வையில் படிப்படியாகவே அதைக் குறைக்க வேண்டும்.

கார்டிசோன் மருந்து கண்டறியப்படுவதற்கு முன்பு, அடிசன் நோய் ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் உயிரிழந்தனர். அட்ரீனல் ஹார்மோன்கள் குறித்த ஆய்வுக்கு 1950ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும், மருந்து இருந்தும் உயிரிழப்பு நேர்கிறது என்றால், அதற்குப் பெரிதும் காரணம் நோயைச் சந்தேகிக்கத் தவறுவதே. காசநோய், பாம்புக்கடி, பிரசவ இரத்தப்போக்கு, நீண்டகால ஸ்டீராய்டு பயன்பாடு ஆகியவற்றுக்குப் பின் நீங்காத சோர்வு இருந்தால், காலை நேரத்தில் எடுக்கப்படும் ஓர் இரத்தப் பரிசோதனை உயிரைக் காக்கக்கூடும்.